குறிஞ்சா மென்ற நாக்கு

அன்னப்பூரணியிடம் வாய் கொடுத்துத் தப்பினவர் ஊரிலே ஒருவருமில்லை. புருசன் வினாயகமூர்த்திக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்றே, வீட்டிலிருந்த சர்க்கரை முழுவதையும் பெட்டகத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். மனுசனோ இனிப்பென்றால் உயிரை விடுவார்.

நாட்டில் சண்டை மூண்டு, கரடியனாற்றுக்கு வருகிற பாதையில் ஆமி சென்ட்ரி போட்டு மறித்தபிறகு அவருடைய மருந்துக் குளிசை வருவது நின்றுபோனது. வினாயகமூர்த்தி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், ஆள் பாதியாக இளைத்தார். அப்போதுதான் அவள் வேலியில் படர்ந்து கிடந்த குறிஞ்சாவைப் பிடித்தாள். விடிந்தால் வெறுவயிற்றில் சாறு. பிறகு பச்சையாக நாலு இலை மெல்லவேண்டும். குறிஞ்சா மென்ற நாக்கில் சர்க்கரையை வைத்தாலும் மண்தான். அவர் முகத்தைச் சுளித்தபோது, "நீங்க கசப்புத் திண்டா நானும் திண்ணுறன்" என்று அவளும் கூடவே மென்றாள். அப்படியொரு பொஞ்சாதி எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்! தாகம் தணிந்தது, முகம் தெளிந்தது, வட்டைக்குப் போய் வயல்வேலையும் செய்யத் தொடங்கினார். அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

பிறகு வாழைச்சேனையிலிருந்து அவருடைய தங்கை புஸ்பம் வந்தாள். சேலைக் கொய்யக மடிப்புக்குள் குளிசையை ஒளித்து, சென்ட்ரியில் சோதனைக்கு நின்று, எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அன்னப்பூரணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் இவ்வளவு காலமும் காப்பாற்றிய இலையை விட மனம் வருமா? குளிசையும் கொடுத்தாள், சாறும் கொடுத்தாள். இரண்டு மருந்தென்றால் இரட்டிப்புச் சுகம் என்று நினைத்தாள்.

அன்று இரண்டையும் குடித்துவிட்டு, கஞ்சியைத் தொடாமலே அவர் வட்டைக்குப் போனார். வெயில் ஏற முன்னமே தள்ளாடிக்கொண்டு திரும்பிவந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறியது.

"புள்ள, ஒரு துண்டு சர்க்கரை தா. வாய்க்குள்ள போட்டாக் காணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ களவாக இனிப்புத் தின்றுவிட்டு, சீனி ஏறித்தான் இந்தக் கோலம் என்று முடிவுகட்டினாள். வாய்க்கு வந்தபடி ஏசினாள். பெட்டகத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு கோப்பை சாறு அரைத்தாள். தலையைத் திருப்பினவரை மடியில் சாய்த்து, குழந்தைக்குப் பருக்குவதுபோலப் பருக்கினாள். கொஞ்சத்தில் அவர் அடங்கிப்போனார். நித்திரையாக்கும் என்று விசிறிக்கொண்டிருந்தாள், பாவி.

செத்தவீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி அருமைநாயகம் நடந்ததையெல்லாம் கேட்டார். அன்னப்பூரணியிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இலையிலும் சீனியை இறக்குகிற சத்து இருக்கிறது, குளிசை செய்வதும் அதே வேலைதான், வெறுவயிற்றில் இரண்டும் சேர்ந்து அடியோடு இறக்கிவிட்டன என்றார். வேர்த்ததும் நடுங்கியதும் சீனி ஏறி அல்ல, இறங்கி.

"அந்த ஆள் கேட்டதக் குடுத்திருந்தா எழும்பியிருப்பார், தங்கச்சி."

ஐயோ, அந்த ஒரு துண்டு! அன்னப்பூரணி அதற்குப்பிறகு ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் படையலுக்குப் பெட்டகத்தைத் திறந்து, கிடந்த சர்க்கரை முழுவதையும் கொட்டிப் பொங்கினாள். படைத்தாள். ஆட்கள் சாப்பிட இருந்தபோது வேலிப்பக்கம் போய்வந்தாள். புஸ்பம் ஒரு கவளம் எடுத்து அவளுக்கு ஊட்ட வந்தாள். அண்ணியின் நாக்கு பச்சையாக இருந்ததைக் கண்டு கை அப்படியே நின்றது.

"தா புஸ்பம், திண்ணுறன்," என்றாள் அன்னப்பூரணி. "அவருக்குக் குடுக்காத இனிப்பு எனக்குத் தெரியக் கூடாது."