இரும்பு மதுக்கடை

மாமா வீட்டில் இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து விளையாடும் உலகம் முழுக்க அதற்குள் இருந்தது. மலை, கடல், வெல்டர் கட்டிய பாலம், தம்பி கட்டிய கிடங்கு, எல்லாம். சூடு ஏறினால் மாமா அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார். அந்த வாரம் விசிறியும் போதவில்லை.

“ரெண்டு மாட் தாங்காது. ஒண்ணு போகணும்,” என்றார் மாமா.

மாட் என்பது விளையாட்டோடு வருவதல்ல. யாரோ எழுதி வைத்ததை வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்வது. இவர்கள் சேர்த்திருந்த இரண்டும் சாமான் வைக்கத்தான். ஒன்று இழுப்பறை மாட். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரே வகைச் சாமான். முகப்பில் அதன் படம். மற்றது வலை மாட். எல்லாவற்றையும் ஒரே வாயில் கொட்டிவிடலாம். பெயரைத் தட்டினால் துப்பும்.

“ஒரு தொழுவத்துல ரெண்டு மாடு கட்ட முடியலைன்னா ஒண்ணை ஓட்டி விடுங்க. இதுக்கு எதுக்கு மாநாடு?” என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

இழுப்பறை, தம்பியின் கட்சி. அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அக்காவுக்குத் தம்பி என்பதால் எல்லாருக்கும் தம்பி. எட்டு மாதமாக, இரண்டாயிரத்துப் பதினாறு இழுப்பறைகளை வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தான். மாட் போனால் அவையும் போகும். உள்ளே இருக்கும் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். சுவரை மாற்ற முடியாது.

வலை, வெல்டரின் கட்சி. பகலெல்லாம் முகமூடிக்குள் தீப்பொறி பார்த்துவிட்டு வருகிறவர். சாமானை அடுக்கி வை என்றால் அவருக்குக் கோபம் வரும்.

தம்பி ஒப்பீட்டு அறிக்கை எழுதினான். இடம், வேகம், கணினிக்கு ஆகும் சுமை, தோற்றம் என்று நான்கு பக்கம். நான்கிலும் இழுப்பறைதான் முந்தியது, எழுதியவன் அவன்தானே. ‘பெயரைத் தட்டித் தேடுவது சோம்பேறியின் வழி’ என்ற வரிக்குக் கீழே கோடு போட்டான். அதே வாரம், தான் வேலை செய்யும் குழாய்ச் சாமான் கிடங்கில் முதலாளிக்கு மூன்றாவது கடிதம் கொடுத்திருந்தான்: நானூறு மர இழுப்பறைகளைத் திறந்து மூடிக் கை ஓய்கிறது, பெயரைத் தட்டினால் இடம் சொல்லும் கணினி ஒன்று தேவை. இரண்டையும் ஒரே பேனாவால்தான் எழுதினான். பேனாவுக்கு உறுத்தவில்லை. அவனுக்கும் இல்லை.

மாமா முதல் பக்கத்தோடு அறிக்கையை மூடினார்.

“கண்ணு பூத்துப் போச்சு மச்சான். போட்டி வெச்சுடலாம். நான் பத்து சாமான் கேக்கறேன். விளையாட்டுல என் வீட்டு வாசல் இருக்குல்ல, அங்க முதல்ல கொண்டாந்து போடற மாட் இருக்கட்டும். மத்தது கிளம்பட்டும்.”

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மடிக்கணினிகள் முதுகோடு முதுகு.

“இரும்புக் கம்பி,” என்றார் மாமா.

தம்பி விரைந்தான். ஏழாவது வரிசை, இடது கோடி. வெல்டர் ‘கம்பி’ என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. ‘இரும்பு’ என்று தட்டினார். ஐம்பது சாமான் வந்து நின்றது. வழக்கம்போலப் படத்தைப் பார்த்து உருட்டிக் கண்டுபிடித்தார். முதல்முறையாக அதன் பெயரையும் படித்தார்.

“அண்ணே, இது என்ன? ‘இரும்பு மதுக்கடை’ன்னு போட்டிருக்கு?”

மாமா எட்டிப் பார்த்தார். “சரக்கு கம்பிதான். பேருதான் கடை.”

“இரும்புல கடை வெச்சு எதை ஊத்துவான், துருவையா?”

அதற்குள் தம்பி வாசலில் கம்பியைப் போட்டுவிட்டான். அடுத்து ஆணி. அதற்கு ‘நகம்’ என்று பெயர் இருந்தது. வெல்டர் தலையில் கை வைத்தார்.

“இந்த மொழிபெயர்ப்பைச் செஞ்ச மகராசன் மட்டும் கையில கெடச்சான்னா, காய்ச்சின மதுக்கடையால ஒரு இழு இழுத்துடுவேன்.”

தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மகராசன் அவன்தான். மூன்று வருடம் முன்பு அக்கா, தமிழில் இருந்தால் தானும் விளையாட வருவேன் என்றாள். அவன் ஒரு நாள் லீவு போட்டான். ஆயிரத்து நானூறு ஆங்கிலப் பெயர்களை மொழிபெயர்க்கும் எந்திரத்தில் கொட்டினான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்த இடத்திலெல்லாம், கம்பியும் மதுக்கடையும் ஆன ‘பார்’ போல, எந்திரம் சரியானதை விட்டுத் தப்பானதையே எடுத்தது. வந்ததை அவன் அப்படியே ஒட்டினான். மறுநாள் முதல் பத்தைப் படித்தபோதே தப்பு தெரிந்தது. திருத்த உட்கார்ந்தால் ஒரு மாதம் ஆகும். அதனால் தன் திரையில் பெயரே தெரியாதபடி அணைத்து வைத்துவிட்டான். இழுப்பறை மாட் மேல் காதல் வந்தது அதற்குப் பிறகுதான். அதில் படம் போதும். இந்தக் காரணம் அறிக்கையில் இல்லை.

ஐந்து சாமான் முடிந்தது. ஐந்தும் தம்பிக்கு.

“என்னால ஆகாது,” என்று வெல்டர் மடிக்கணினியைத் தள்ளினார். “மதுக்கடையை நான் தெருவுலதான் தேடியிருக்கேன். அக்கா, என் பக்கம் நீங்க உக்காருங்க.”

மாமா தம்பியைப் பார்த்தார். “ஒத்துக்கறியா?”

விளையாட்டில் அக்காவுக்கு மூட்டை என்று பட்டப்பெயர். கையில் கிடைத்ததையெல்லாம் வலையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காதவள்.

“தாராளமா வரட்டும்,” என்றான் தம்பி. ஐந்து வென்றவனுக்குக் குரலில் ஒரு பெருந்தன்மை இருந்தது.

அக்கா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ரம்பம்.”

‘பார்த்தேன்’ என்று தட்டினாள். ரம்பம் வந்தது.

“ஈயம்.”

‘தலைமை’. வந்தது. ஸ்பிரிங் கேட்டார், ‘வசந்தம்’. தம்பி ஒவ்வொரு முறையும் ஏணியில் பாதி ஏறும்போது அக்கா வாசலில் நின்றாள்.

“எப்படிக்கா?” என்றார் வெல்டர்.

“எப்படின்னா? அதோட பேரு அதுதானே. நான் இந்த விளையாட்டைக் கத்துக்கிட்டதே இந்தப் பேர்லதான். இத்தனை நாளா நீங்கல்லாம் படிக்காமயா விளையாடறீங்க?”

ஐந்துக்கு ஐந்து.

“இன்னொண்ணு கேட்டு முடிச்சுடறேன். யாருக்கும் ஓரவஞ்சனை வேணாம்,” என்றார் மாமா. விளையாட்டின் சாமான் பட்டியலைத் திறந்து, கண்ணை மூடி, விரலை வைத்தார். வந்ததை அப்படியே படித்தார். “வரைபவர்.”

தம்பிக்கு மூச்சு வந்தது. வரைபவர் என்றால் படம் வரைகிறவர். அப்படியானால் ஓவியம். பன்னிரண்டாவது வரிசை, வலது கோடி. தன் சுவரை ஒட்டியே முழு நீளமும் ஓடினான். எடுத்தான். திரும்பி ஓடி வாசலில் போட்டான். அக்கா அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

“நான்தான் முதல்!”

“இது ஓவியம் மச்சான்,” என்றார் மாமா.

அக்கா தன்னுடையதைக் கீழே வைத்தாள். சின்ன மரப்பெட்டி. முகப்பில் ஒரு கைப்பிடி.

வெல்டர் எட்டிப் பார்த்தார்.

“இழுப்பறை,” என்றார் வெல்டர் மெதுவாக. “இங்கிலீஷ்ல டிராயர். தம்பி, இது உன் கிட்டதான ரெண்டாயிரம் இருக்கு?”

“ரெண்டாயிரத்துப் பதினாறு,” என்றான் தம்பி.

மாமா ஞாயிறு சாயந்திரம் வரை தவணை கொடுத்தார். தம்பி காலையிலேயே வந்து சரக்கை இழுப்பறை இழுப்பறையாகக் காலி செய்து வலையின் வாயில் கொட்டினான். கொட்டுவதற்கு வரிசை தேவைப்படவில்லை. முகப்புப் படங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் வெறும் மரச்சுவர் நின்றது. அதையும் கழற்றத் தொடங்கினான்.

“அதை ஏன்டா எடுக்கற? சாயந்திரம் எப்படியும் மறையப்போறதுதானே?” என்றாள் அக்கா.

“இருக்கட்டும்.”

எல்லாம் உள்ளே போனதும் சரிபார்க்க ‘இழுப்பறை’ என்று தட்டினான். ஒன்றுமில்லை. ‘வரைபவர்’ என்று தட்டினான். இரண்டாயிரத்துப் பதினேழு. அக்காவுடையதையும் சேர்த்து.

வெளியே போய்விட்டு வந்த மாமா, அந்த மொழிபெயர்ப்புக் கோப்பை யாராவது திருத்தினால் வெல்டருக்கும் வலை உபயோகப்படும் என்றார். தம்பி உடனே தானே திருத்துவதாகச் சொன்னான். அவ்வளவு வேகமாக அவன் எதற்கும் முன்வந்ததில்லை. கோப்பைத் திறந்தான். முதல் வரியில் மொழிபெயர்த்தவர் பெயர் இருந்தது. அதை அழித்தான். இரண்டாவது வரியில் கையை வைத்தான்.

அக்கா பின்னால் நின்றாள்.

“மேல இருந்த வரியை அழிச்சியே, அது சரி. நான் பார்க்கலை,” என்றாள் தாழ்ந்த குரலில். “ஆனா பேர்ல ஒண்ணை மாத்தினே, அப்புறம் எனக்கு எதுவும் கெடைக்காது. மூணு வருஷம் மனப்பாடம் பண்ணியிருக்கேன்.”

“அது எல்லாமே தப்புக்கா.”

“இருந்துட்டுப் போகுது. நீ எனக்காக லீவு போட்டுச் செஞ்சதுடா.”

தம்பி கோப்பை மூடினான். வெல்டருக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேனாவை எடுத்து முதல் வரியை எழுதினான்: கம்பி என்றால் மதுக்கடை.