முளைப்புச் சோதனை

விதை வங்கியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி காலையில் வந்தது. மதியம் எல்லோரும் வழக்கம்போலச் சாப்பிட்டோம்.

வாசல் பலகையில் ‘வரும் தலைமுறைகளுக்காக, நூறாண்டுப் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கும். பலகையை வைத்த துறை இப்போது இல்லை. அதை விழுங்கிய துறையும் இன்னொன்றில் கரைந்துவிட்டது. நான் சேர்ந்த பிறகே மூன்று பெயர்களிடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

என் வேலை முளைப்புச் சோதனை. குளிர் அறையில் கிடக்கும் விதைகளில் கொஞ்சம் எடுத்து, ஈரத் தாளில் பரப்பி, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முளைக்கவிட்டுத்தான் சொல்ல முடியும். முளைத்துவிட்டால் அது விதை இல்லை.

என் மனைவியும் இங்கேதான் வேலை பார்த்தாள், சேகரிப்புப் பிரிவில். “புல் பொறுக்கப் போன இடத்துல கிடைச்ச புல்தடுக்கிப் பயில்வான்” என்று என்னை அறிமுகப்படுத்துவாள். துறைமுகம் வருவதற்கு முன்னால் ஒரு கழிமுகத்திலிருந்து அவள் எடுத்துவந்த புல்லின் விதை, ஒரே ஓர் உறை, குளிர் அறையில் இருந்தது. கழிமுகம் இப்போது சிமெண்ட். அந்தப் புல் வேறெங்கும் இல்லை.

அவள் இறந்த அன்று மாமனாரிடம் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. “அவ கொண்டுவந்த விதை நூறு வருஷம் இருக்கும் மாமா” என்றேன். அதன் பிறகு வாரம் தவறாமல் போன் செய்தார்.

“விதை சௌக்கியமா மாப்பிள்ளை?”

“சௌக்கியம் மாமா.”

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது.

சேகரிப்பு முழுவதையும் ஒரு புது மையம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒவ்வோர் உறையிலிருந்தும் இருநூறு விதையை முளைக்கவைத்துச் சான்று தர வேண்டும் என்பது நிபந்தனை. அவள் உறையில் அவ்வளவுகூட இல்லை. உயிரோடு இருக்கிறதா என்று வருடா வருடம் சோதித்தே பெரும்பகுதியைத் தீர்த்திருந்தோம்.

எங்கள் பிரிவின் தலைவரான மேடம் புது மையத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இளம் குரல்.

“ரூல் அதுதான் மேடம். உயிரில்லாததை வாங்கி வச்சு நாங்க என்ன பண்றது?”

“உயிர் இருக்குன்னு காட்டினா மிச்சம் இருக்காதேப்பா. அப்ப எதை வாங்குவீங்க?”

“முதல்ல சான்று அனுப்புங்க. மத்ததைப் பார்க்கலாம்.”

மேடம் போனை வைத்தார். “சான்றைத்தான் குளிர்ல வைப்பானுங்க போல.” யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

குளிர் அறை மெக்கானிக்கைக் கரடி என்போம். வெயில் காலத்திலும் கம்பளிக் கோட்டோடு அலைபவர். அவள் உறையை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

“மாசக் கடைசியில கரண்ட்டைப் புடுங்கிடுவாங்க சார். பேசாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ்ல போடுங்க. யாரு கேக்கப் போறா?”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“தாங்கினா தாங்கும். சொல்ல முடியாது.”

மருத்துவமனையிலும் அதைத்தான் சொன்னார்கள். மாடிக்கு மாடி வேறு வேறு டாக்டர்கள், ஒரே வாக்கியம். வாரக்கணக்கில் அந்த வாக்கியத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இனி பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த உறை கண்ணில் படும். உயிரா பிணமா என்று தெரியாமல் கிடக்கும்.

எனக்கு ஒன்றாவது உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது.

உறையைக் கத்தரித்தேன்.

“எல்லாத்தையுமா சார்?” என்றார் கரடி.

“எல்லாத்தையும்.”

அடுத்த வாரம் முளைவிட்டது, அநேகமாக எல்லாமே. இவ்வளவு நல்ல முடிவை நான் பார்த்ததில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அன்றைக்குப் பார்த்து மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

“மூடுறாங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கான். விதை எங்க?”

தட்டுகளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அட, முளைச்சிருக்கே!” முகம் மலர்ந்துவிட்டது. “மிச்சத்தை எங்க வச்சிருக்கீங்க?”

“மிச்சம் இல்ல மாமா.”

“இல்லைன்னா? சரி, இதை நட்டா வளருமே?”

“கொஞ்சம் வளரும். விதை பிடிக்காது. கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலந்து ஏறி இறங்கணும். அவளே நட்டுப் பார்த்துக் கைவிட்டுட்டா.”

“தெரிஞ்சேதான் பண்ணீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நூறு வருஷம்னு சொன்னீங்களே.”

“போர்டுல போட்டிருந்தாங்க மாமா.”

“போர்டு! நான்கூடத்தான் உங்க கல்யாணப் பத்திரிகையில என்னென்னவோ போட்டேன்.”

குளிர் அறைப் பக்கம் யாரோ அலமாரியைத் தரையில் இழுத்துப் போகும் சத்தம் கேட்டது.

“இனிமே போன்ல நான் உங்ககிட்ட என்னத்தைக் கேக்கறது, மாப்பிள்ளை?”

தட்டுகளை வரிசையாக நகர்த்தி வைத்தேன்.

“இது எத்தனை நாள் இருக்கும்?”

“ஈரம் காயாம இருந்தா பத்து நாள்.”

மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முதல் தட்டில் சாய்த்தார். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார். முளைகள் தாளைவிட்டு எழும்பி மிதந்தன. அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

நான் தடுக்கவில்லை.