எதிரெதிராக இரண்டு கதவுகள்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு லிஃப்டில் பயம் வந்தது என்றால் யார் நம்புவார்கள்? அவனே நம்பவில்லை. லிஃப்ட் ஓடும் எந்தக் குழியிலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறி இறங்குவான் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பல்லி என்று கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒருநாள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. விரல்கள் மரத்துப்போயின. செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். "இதயம் நல்லாத்தான் இருக்கு. சும்மா பயந்திருக்கீங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சும்மா பயம் மறுபடியும் வந்தது. குழிக்குள் வந்தது, பிறகு பேருந்தில் வந்தது, பிறகு முடிவெட்டும் கடை நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியபோதும் வந்தது. வருமோ வருமோ என்று காத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

"ஒரு மடக்கு உள்ள தள்ளு, கை நடுங்காது" என்று ஒரு காலையில் மேஸ்திரி தன் பாட்டிலை நீட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அது வேலையும் செய்தது. நெஞ்சு அடங்கியது, பல்லி மேலே ஏறினான். கொஞ்ச நாளில் ஒரு மடக்கு போதவில்லை. குடிக்காமல் எழுந்த காலைகளில் கை நடுங்கியது, வியர்த்தது, நெஞ்சு அடித்தது. அது போதை இறங்குவதா, பழைய பயமா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் குடித்தான்.

விஷயம் வெளியே வந்தது அவன் அக்காவால். கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவள் குரல் கேட்டால் பக்கத்து வகுப்பும் வாயை மூடும். தம்பி அவள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். துவைக்க எடுத்த சட்டையில் வாடை அடித்ததும் நேராக மாடிக்குப் போய் நின்றாள்.

"எப்பலேர்ந்துடா?"

அவன் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "குடிக்கணும்னு ஆசையில்லக்கா. அது வராம இருக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

கீழே அம்மா, "குடிகாரப் பயலுக்குக் காரணமா கிடைக்காது?" என்று தலையிலடித்துக்கொண்டாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரே நடைபாதையில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்று மனநலப் பிரிவு, மற்றது குடிமீட்புப் பிரிவு. மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டார். குடி என்ற சொல் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"குடிக்கிறவங்களுக்கு இங்க மருந்து ஆரம்பிக்க முடியாதும்மா. மொதல்ல நிறுத்திட்டு வரச் சொல்லுங்க. எதிர்ல கேளுங்க."

எதிரே இருந்த டாக்டர் பருத்த மனிதர், சிரித்த முகம். "இங்க எல்லாரும் கூட்டமா உக்காந்து பேசணும். இவருக்குக் கூட்டத்துல மூச்சு முட்டுதுங்கறீங்க. அதைச் சரிபண்ணிட்டு வாங்க, நான் சேத்துக்கறேன்."

"அவங்கதான் இங்க அனுப்பினாங்க."

"அவங்ககிட்டயே நல்லா எடுத்துச் சொல்லுங்க."

அக்கா நன்றாகத்தான் எடுத்துச் சொன்னாள். வேறொரு நாளும் வந்து சொன்னாள். பந்து மாதிரி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் தம்பி இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

"விடுக்கா. நானே நிறுத்திடறேன். நிறுத்திட்டு வந்தாத்தானே பாப்பாங்க?"

சொன்னபடியே நிறுத்தினான். ரோஷக்காரன், பாட்டில்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தான். அக்காவுக்கே பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவன் அப்படியே விழுந்தான். கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பல்லில் நாக்கு மாட்டி ரத்தம் வழிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவசரப் பிரிவில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்திய இளம் டாக்டர் அக்காவைத்தான் கடிந்துகொண்டார். "இவ்வளவு குடிக்கிறவங்க பட்டுன்னு நிறுத்தக் கூடாதுங்க. உயிருக்கே ஆபத்து. யாரு இப்படி நிறுத்தச் சொன்னது?"

தம்பி கண் விழித்ததும் அக்கா அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அந்த நடைபாதைக்குப் போனாள். இரண்டு கதவுகளும் பூட்டியிருந்தன. சாப்பாட்டு நேரம் என்றாள் நர்ஸ். கேன்டீனுக்குப் போய்ப் பார்த்தால், டாக்டரம்மாவும் பருத்த டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எதற்கோ சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிடற இடத்துக்கு வந்தது தப்புதான். வேற எங்கயும் உங்களை ஒண்ணாப் பாக்க முடியல. என் தம்பி கீழ அவசரப் பிரிவுல கிடக்கறான். நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தினான். வலிப்பு வந்துடுச்சு."

பருத்த டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "அது எங்க விதிமுறைம்மா, நாங்க தனியா..."

"பயத்தால குடிக்கறானா, குடியால பயப்படறானா, அது உங்க படிப்பு. எனக்குத் தெரியாது. நான் கூட்டிட்டு வந்தது ஒரு ஆளை. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி கேக்கறீங்க. எந்தப் பாதிய நான் வீட்ல விட்டுட்டு வரணும்? திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டாக்டரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லியிருக்கணும்."

டாக்டரம்மா பருத்த டாக்டர் பக்கம் திரும்பி, "படுக்கை உங்க பக்கம் குடுங்க. பதற்றத்துக்கான மருந்தையும் பேச்சு சிகிச்சையையும் நான் பாத்துக்கறேன்" என்றார். "குடுத்துடலாம்" என்றார் மற்றவர்.

அவ்வளவுதான். ஒரு வாய்ச் சோறு ஆறுவதற்குள் முடிந்த காரியம். அக்காவுக்கு அழுகை வந்தது, நன்றியால் அல்ல. இத்தனை சுலபமான ஒன்றுக்காகவா என் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு தரையில் கிடந்தான் என்று வந்தது.

தம்பியைச் சேர்த்துக்கொண்டார்கள். நடுக்கம் அடங்க மருந்து கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நெஞ்சு அடிக்கும்போது ஓடாமல் நின்று பார்க்கப் பழக்கினார்கள். வெளியே வந்தபின் ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டான், மறுநாளே தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னான். யாரும் கதவைச் சாத்தவில்லை. கோடை போய் மழை வந்தபோது வேலையிலும் சேர்ந்துவிட்டான். இப்போதும் சில நாள் குழிக்குள் பயம் வரும். "மேஸ்திரி, எனக்கு வந்திருக்கு. கொஞ்சம் உக்காந்துட்டு ஏறறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். மேஸ்திரியும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், எதிர்க்கதவைக் கைகாட்டித் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பார்க்கிறாள். போனமுறை டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "இவனுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?"

"மேலிடத்துல பேசிக்கிட்டுதான் இருக்கோம். விதி மாற நாளாகும்."

"எல்லாரும் விழுந்து எந்திரிச்சு வரணுமா, டாக்டர்?"

டாக்டரம்மா தம்பியின் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வெளியே வந்ததும், "போதும்க்கா, நான்தான் நல்லாயிட்டேனே, இன்னும் எதுக்குச் சண்டை?" என்றான் தம்பி.

"உனக்காக இல்லடா" என்றாள் அக்கா. குடையை விரித்து, அவனுக்கு முன்னால் படியிறங்கி நடந்தாள்.