வெட்டுப்புழுவின் சாதி

எண்பத்துநாலாம் ஆண்டு, தெல்லிப்பழையில் ஆழ்வாப்பிள்ளையின் மிளகாய்த் தோட்டத்தில் வெட்டுப்புழு விழுந்தது. விடிய எழும்பிப் போனால், கன்றுகள் கத்தியால் அறுத்ததுபோல அடியோடு சாய்ந்து கிடக்கும். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த மகள் மீனாம்பிகை அந்தப் புழுக்களை ஜாம் போத்தலில் வளர்த்தாள். அந்துப்பூச்சி வெளிவந்ததும், அது எது என்று பார்க்க, கூடப்படிக்கும் பெடியன், குருநகர்க் கத்தோலிக்க மீனவர் வீட்டுச் செபநாயகத்தைக் கூப்பிட்டாள். இருவரும் விறாந்தையில் இருந்து கதைத்தார்கள். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளையின் காதில் அது விழுந்தது.

"குடும்பத்திலை பிரச்சினை இல்லை. சாதியிலைதான் சந்தேகம்" என்றான் பெடியன்.

"முந்தி வேறை சாதியெண்டுதானே சொன்னவை?"

"ஓம். பிறகு சாதியை மாத்திப்போட்டினம்."

ஆழ்வாப்பிள்ளை ஈரக் காலோடு விறாந்தையில் ஏறினார்.

"எழும்பும் தம்பி! என்ரை வீட்டிலை இருந்துகொண்டு சாதி மாத்திற கதையோ? கலியாணம் பேசிறதெண்டால் தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வாரும்!"

மீனாம்பிகை ஊசியில் குத்திய சாம்பல்நிறப் பூச்சியை நீட்டினாள். "ஐயா, இதின்ரை சாதியைத்தான் கதைச்சனாங்கள். பூச்சியளை அப்பிடித்தான் பிரிக்கிறது. வருணம், குடும்பம், சாதி, இனம்..."

"உதுக்கு வருணமுமோ!"

அவருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பத்மாசினி பூச்சியைப் பார்க்கவில்லை; பிள்ளைகளைப் பார்த்தாள். பெடியனின் காது சிவந்திருந்தது. மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, சாதிக்கதை பூச்சிக்குத்தான், சரி. கலியாணமெண்டு கேட்டியள், அதுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லையே?"

அதன்பிறகு ஆழ்வாப்பிள்ளை பல நாள் சந்தையில் புழுவைத் திட்டினார்; பெடியனையும் திட்டுவதாகவே கேட்டவர்களுக்குப் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெடியனின் தாய் லூர்த்தம்மாவும் தகப்பன் கனிசியசும் பெரிய விளைமீன் ஒன்றோடு வாசற் படலையில் வந்து நின்றார்கள்.

"வெள்ளியிலை நாங்கள் இறைச்சி தொடமாட்டம், அதுதான் மீன்" என்றாள் லூர்த்தம்மா.

"வெள்ளியிலை நாங்கள் மீனும் தொடமாட்டம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கனிசியஸ், பிடித்த மீன் பழுதாவதைப் பொறுக்காத மனிதர், தவித்துப்போனார். அந்த முகத்தைப் பார்த்த ஆழ்வாப்பிள்ளைக்கு, மிளகாய்க் கன்று சாய்ந்த அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"பத்மாசினி, மீனுக்கு உப்புப் போட்டு வையும்" என்றார். பிறகு வந்தவர்களிடம் திரும்பினார். "நீங்கள் இண்டைக்கு இஞ்சை நில்லுங்கோ. நாளைக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவம்."