அரைக் கட்டை கீழே

கையுறையைக் கழற்றிய நேரம் பார்த்துக் கண்ணாடி அக்கா அவளுடைய இடது கையைப் பிடித்துவிட்டார். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவைகளையும் பீக்கர்களையும் கழுவி அடுக்குவது அக்காவின் வேலை. அதனால் அந்தப் பெயர். அவளுடைய விரல்களைக் குழாய் விளக்குக்கு நேராகத் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நுனிகளில் தோல் தடித்து மஞ்சளாகியிருந்தது. குறுக்கே மெல்லிய கோடுகள் வேறு.

“ஆசிட்டா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. போன தடவ வந்த கையுற டப்பாவே சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேன். இரு, பெரிய மேடத்துகிட்ட காட்டலாம்.”

பெரிய மேடம் கூடத்தின் தலைமை வேதியியலர். அவர் வரைக்கும் விஷயம் போய்விடும் என்ற பயத்தில்தான் அவள் உண்மையைச் சொன்னாள்.

“கிட்டாருக்கா. ரூம்ல வாசிக்கிறேன்.”

அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னதும் காது சூடாகிவிட்டது. அக்கா கையை விடவில்லை.

“யாரு சொல்லித் தர்றாங்க?”

“யாருமில்ல. போன்ல பாத்து.”

“போன்ல பாத்து நானும் ஒரு வருஷமா கேக் செய்யறேன். எங்க வீட்டுக்காரர் அத வெச்சு ஆடுற மேசைக்கு முட்டுக் குடுத்திருக்காரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கையை விட்டார்.

கிட்டார் அவள் வாங்கியதில்லை. வாடகைக்கு அறை பார்க்கப் போனபோதே அலமாரிக்குள் இருந்தது. முன்பு குடியிருந்தவர் விட்டுவிட்டுப் போனதாம். வேண்டுமென்றால் வைத்துக்கொள், இல்லையென்றால் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடு என்றார் வீட்டுக்கார அம்மா. தூக்கிப் போட மனம் வராமல் சில மாதம் வைத்திருந்தாள். ஒரு மழைநாளில் தூசி தட்டி எடுத்து, போனில் தேடிப் பார்த்தாள். ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் பளிச்சென்று, எங்கேயோ ரயிலைப் பிடிக்கப் போகிற வேகத்தில் பேசினார்கள். ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசினார். வட்ட முகம், சுருங்கிய சட்டை, பின்னால் ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அதன் மேல் எப்போதும் ஒரு துண்டு. அவர் சொல்லிக்கொடுப்பது ஜாஸ் இசையின் கார்டுகள், அதாவது சில சுரங்களை ஒருசேர ஒலிக்கவிடும் கூட்டுகள் என்பது அவளுக்கு நாலைந்து பாடங்கள் போன பிறகுதான் தெரிந்தது. வண்டி எங்கே போகிறது என்று கேட்காமல், உட்கார இடம் இருக்கிறதே என்று ஏறிவிட்டவள்தான் அவள்.

வழக்கமான கார்டில் மூன்று சுரங்கள் படம் எடுக்க நிற்கிற மாதிரி தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். இவருடைய கார்டுகளில் நான்காவதாக ஒன்று வந்து, கொஞ்சம் தள்ளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். முதலில் கேட்டபோது எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். மறுநாள் கேட்டபோது அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் கூட்டம் என்று தோன்றியது. சுண்டுவிரல் எட்டவே எட்டாத கார்டு ஒன்று உண்டு. அதை அவர் அழுத்திக் காட்டிவிட்டு, “வலிக்கும், எனக்கும் வலித்தது, டீ குடித்துவிட்டு வாருங்கள்” என்பார். அவள் உண்மையாகவே போய் டீ போட்டுக்கொண்டு வருவாள்.

பள்ளியில் ‘புரியாதவங்க கையைத் தூக்குங்க’ என்பார்கள். அவள் கை தூக்கியதே கிடையாது. பட்டப்படிப்பு முடிகிறவரைக்கும் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வந்து, தனியாக உட்கார்ந்து படித்தே தேறியவள். இவரிடம் அந்த வேலையே இல்லை. திரையின் ஓரத்தைத் தொட்டால் போதும், பத்து விநாடி பின்னால் போய் மறுபடி சொல்வார். எத்தனை தடவை தொட்டாலும் அந்த முகம் சுளிக்காது, ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று கேட்காது. காசும் கேட்டதில்லை. பாடம் முடியும்போது மட்டும் ஒன்று சொல்வார்: “நான் எங்கேயும் போகப் போவதில்லை. மெதுவாக வாருங்கள்.” அதைக் கேட்டுவிட்டு அவள் கீழே கருத்துப் பெட்டியைத் திறப்பாள். ‘நன்றி சார்’ என்று எழுதுவாள். இவ்வளவு வாங்கிக்கொண்டு இவ்வளவுதானா என்று தோன்றும். அழித்துவிடுவாள்.

அவர் சொல்வதில் ஒன்றை மட்டும் அவள் தாண்டிவிடுவாள். “இது ஆள் சேர்ந்து வாசிக்கிற இசை. யாராவது கிடைப்பார்கள், தேடுங்கள்” என்பார். அந்த இடம் வரும்போது விரல் தானாகத் திரையின் வலது ஓரத்துக்குப் போய்விடும்.

இப்போது அந்த ‘யாராவது’ கிடைத்துவிட்டார்கள். கண்ணாடி அக்கா வாயில் ரகசியம் தங்காது. மதியத்துக்குள் விஷயம் பாட்டில் அண்ணனுக்குப் போய்விட்டது. வேன் ஓட்டிக்கொண்டு நாலா பக்கமும் போய்த் தண்ணீர் மாதிரிகளைப் பாட்டிலில் பிடித்து வருகிறவர் அவர். மகளுக்கென்று கீபோர்டு வாங்கி, மகள் தொடாததால் தானே வாசிக்கக் கற்றுக்கொண்டவர்.

“தங்கச்சி, மேடம் மாசக் கடைசியில ரிட்டயர் ஆவுறாங்க. எல்லாரும் பேசுவாங்க. மேடம் தூங்கிடுவாங்க. அக்கா பாடட்டும், நான் கீபோர்டு, நீ கிட்டாரு. ஒரே ஒரு பாட்டு.”

“எனக்கு ஆளுங்க முன்னாடி வராதுண்ணே.”

“எனக்கு மட்டும் என்ன, ஆளில்லாத இடத்துல பாட்டிலோட பேசிப் பேசியே பழக்கம்.”

அக்கா கழுவும் தொட்டியருகே எப்போதும் முணுமுணுக்கிற பழைய பாட்டு ஒன்று உண்டு. அதையே பாடுவது என்றானது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. அன்று அறைக்குப் போய் அந்தப் பாட்டுக்குப் போன் வாத்தியாருடைய கார்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கேட்டுப் பழகிய பாட்டின் அடியில் யாரோ புதிதாக ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. இதை அவர்கள் இருவரும் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கினாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கழுவும் அறையிலேயே ஒத்திகை வைத்தார்கள். பீக்கர் தள்ளுவண்டியின் மேல் கீபோர்டு. கவிழ்த்துப் போட்ட வாளியில் அக்கா. அவள் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே நேரம் எடுத்துக்கொண்டாள். அண்ணன் தலையசைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் முதல் கார்டை வைத்தார்கள்.

காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. அக்கா வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

“நான்தான் மாத்தி அமுக்கிட்டேன் போல” என்றார் அண்ணன். மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே. ரெண்டு வண்டி உரசிக்கொண்டு போகிற சத்தம். அண்ணன் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, அவளுடைய மேல்கம்பியை மட்டும் தட்டச் சொன்னார். அப்புறம் அடுத்த கம்பி. ஆறையும் தட்டச் சொல்லிவிட்டு மோவாயைத் தடவினார்.

“தங்கச்சி, உன் கிட்டாரு அரைக் கட்டை கீழ நிக்குது. ஒரு கம்பி ரெண்டு கம்பி இல்ல, மொத்தமா எறங்கி நிக்குது. எத வெச்சு சுருதி சேத்த?”

முதல் பாடத்தில் வாத்தியார், “உங்கள் கம்பிகளை என் கம்பிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுவார். தினமும் வாசிக்கும் முன் அந்தப் பாடத்தை ஓடவிட்டு அதோடு சேர்ப்பதே அவள் வழக்கம். அறைக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவரோடு வாசிக்கும்போது ஒரு பிசிறும் இல்லை. வேறு யாரோடும் வாசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காலையில் வேலைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டரை, அளவு முன்பே தெரிந்த தரக் கரைசலில் நனைத்துச் சரிபார்ப்பது. சரிபார்க்காத மீட்டரும் தடுமாறாமல் ஓர் எண்ணைக் காட்டும். தன்னளவில் அதற்கு ஒரு குழப்பமும் இருக்காது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

“நீங்க ரெண்டு பேரும் பாடுங்கண்ணே. நான் வேணாம்” என்று கிட்டாரை உறையில் போட்டாள்.

“ஏத்திக்கிட்டா ஆச்சு, இதுக்குப் போயி” என்றார் அண்ணன். அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். போகும்போது பின்னால் அக்கா கீபோர்டோடு பாட ஆரம்பித்தது கேட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் அக்காவின் குரல் கிழிந்து நின்றது. “சோப்புத் தண்ணி ஆவி பட்டுப் பட்டுத் தொண்ட போயிடுச்சு” என்று அவர் சொல்வதும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறுக்காணியை லேசாகத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும். கையும் அதன் மேல்தான் இருந்தது. வாத்தியார் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாரா என்று நினைத்தபோது கோபம் வர வேண்டும், வரவில்லை. அவருக்காகத்தான் சங்கடமாக இருந்தது. அவர் தெரியாமல் செய்திருந்தால், அதை யாருமே அவரிடம் சொல்லவில்லை. எங்கெங்கோ அறைகளில் தனியாக உட்கார்ந்து, கை தூக்காத எத்தனை பேர் இதே அரைக் கட்டை கீழே வாசித்துக்கொண்டிருப்பார்கள். முறுக்காணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பாட்டில் அண்ணன் மாதிரிகளை இறக்கி வைத்த கையோடு அவள் மேசைக்கு வந்தார்.

“கம்பிய ஏத்திட்டியா?”

“இல்லண்ணே.”

“ஏத்தாத. மதியம் வா.”

கழுவும் அறையில் கீபோர்டு மறுபடி தள்ளுவண்டி மேல் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினார். “இது எதுக்குன்னே தெரியாம இவ்ளோ நாளா தொடச்சுக்கிட்டு இருந்தேன். எம் பொண்ணுதான் நேத்து சொன்னா. ஒரு தடவ அமுக்குனா மொத்தப் பொட்டியும் அரைக் கட்டை எறங்கிடுமாம். நீ ஏறி வர வேணாம். நாங்க எறங்கி வரோம்.”

அதைச் சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார். அவளும் கிட்டாரின் உறையைப் பார்த்தாள்.

முதல் கார்டு விழுந்தது. கீபோர்டு அதன் மேல் வந்து உட்கார்ந்தது. இதுவரை அவளுடைய கார்டுக்கு அடியில் தரை இருந்ததில்லை, இப்போது இருந்தது. அக்கா பாட ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி. அந்த உயரமான இடம் நெருங்கியபோது அக்காவின் கழுத்து நரம்பு இறுகுவதை அவள் பார்த்தாள். குரல் ஏறியது, போய்த் தொட்டது, கிழியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது.

அக்கா எழுந்து போய்த் தொட்டியில், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பீக்கர் ஒன்றை எடுத்து மறுபடி கழுவினார்.

“என் தொண்ட போகலயா அப்ப?” என்றார், திரும்பாமல்.

“பொட்டிதான்க்கா ஒசரம்” என்றார் அண்ணன்.

மாசக் கடைசியில் கூட்ட அறையில் நிறையப் பேர் பேசினார்கள். அண்ணன் சொன்னபடி மேடத்தின் கண்கள் இரண்டு தடவை மூடித் திறந்தன. இவர்கள் முறை வந்தபோது அவள் கிட்டாரை உறையிலிருந்து உடனே எடுத்தாள். இரண்டாவது கார்டை அழுத்துகையில் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். உயரமான இடத்தில் அக்காவின் குரல் நின்றபோது அறையில் விசிறிகூடச் சத்தம் போடாதது போல இருந்தது.

முடிந்த பிறகு மேடம் அவளிடம் வந்தார். “நீ சேந்த அன்னிக்கு, வாயத் தொறந்து பேசுவியான்னு கேட்டேன். அதுக்கும் தலையத்தான் ஆட்டுன.”

“ஆமா மேடம்.”

“அந்த ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சே, அதுக்கு என்ன பேரு?”

அவள் பேரைச் சொன்னாள். மேடம் புரிந்த மாதிரித் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கமானது. “மறுபடி வாசிச்சுக் காட்டவா மேடம்?” என்று கேட்டாள். கேட்டது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பாட்டில் அண்ணன் அவளிடம் ஒரு ஹெட்போனைத் தள்ளிவிட்டிருந்தார். கீபோர்டோடு இனாமாக வந்ததாம், அவர் காதுக்குப் பொருந்தவில்லையாம். அவள் இதுவரை பாடங்களை வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்டிருக்கிறாள். இன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிட்டாரை மடியில் வைத்து, வழக்கம்போல அவர் கம்பி தட்டும் இடத்துக்குத் தாண்டிவிடாமல், முதல் பாடத்தை ஆரம்பத்திலிருந்தே ஓடவிட்டாள்.

வாத்தியாரின் அறை காதுக்குள் பெரிதாகத் திறந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் புரண்டது. அதற்கும் அப்பால், பாத்திரங்கள் படும் ஓசைக்கு நடுவே ஒரு பெண்குரல் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. உயரமான ஓர் இடத்துக்குப் போய் லேசாகக் கிழிந்து நின்றது. அவர் கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தார். முறுக்காணியைத் திருப்பினார். கம்பி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. ஒவ்வொன்றாக ஆறையும் இறக்கினார். ஒரு கார்டை மெதுவாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே குரல் மறுபடி எடுத்தது. இந்தத் தடவை போய்த் தொட்டது. பிறகுதான் அவர் கேமராவைப் பார்த்து, உங்கள் கம்பிகளை என் கம்பிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் திரையின் ஓரத்தைத் தொட்டாள். பத்து விநாடி பின்னால் போய், கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல் மறுபடி எடுத்தது. அவள் கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் அந்தக் கார்டை அழுத்தினாள். குரல் மேலே போகிறவரைக்கும், அவரோடு சேர்ந்து, காத்திருந்தாள்.