ஈஸ்ட்ஹாமில் உயர்ந்த கை

"அண்ணை, நீங்கள் அவன்ரை பக்கம் கை தூக்குவியள் எண்டு சிவகரனுக்கு எழுதிப் போட்டன்."

"என்னத்தை எழுதினனி?"

"லண்டனிலை எல்லாரும் உன்ரை பக்கம், மாமாவும் உன்ரை பக்கம் எண்டு."

லண்டன் ஈஸ்ட்ஹாமில் பஞ்சலிங்கம் விட்ட பெருமூச்சு டெக்ஸாஸ் ரவுண்ட் ராக்கில் இருந்த தங்கைக்குத் தெளிவாகக் கேட்டது.

"எடி தவம், என்னைக் கேக்காமல் நீ எப்பிடி..."

"ஏன் கேக்க வேணும்? அவன் உங்கடை மருமோன் இல்லையோ?"

தொண்ணூற்றொன்று பெப்ரவரி முதல் வாரம். தவமணிதேவியின் ஒரே மகன் சிவகரனுக்கு இருபது வயது. கல்லூரிக்குப் போக வழியாகும் என்று அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தவன், இப்போது வளைகுடாச் சண்டைக்காகச் சவூதிப் பாலைவனத்தில் இருந்தான். தாய்க்கு அவன் எழுதும் கடிதங்கள் நாலு வரியைத் தாண்டுவதில்லை. சுகம், சாப்பாடு நல்லது, கூட்டாளிகள் நல்லவர்கள், கவலை வேண்டாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து பையன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வாசல் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டி, தவமணிதேவியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருந்தாள். தெருவே மகன் பக்கம் நிற்கும்போது கூடப்பிறந்தவர் நிற்கமாட்டாரா?

பஞ்சலிங்கம் தொழிற்கட்சியின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவர். இந்தச் சண்டையில் பிரிட்டன் அமெரிக்காவோடு நிற்பதா, படைகளைத் திருப்பிக் கூப்பிடுவதா என்று அன்று மாலை அங்கே வாக்கெடுப்பு.

"உங்கடை கூட்டத்துக்கு எத்தினை பேர் வருவினம்?"

"மழை பெய்தால் ஒன்பது. பெய்யாட்டில் பதின்மூண்டு."

"பதின்மூண்டு பேர் சேர்ந்தோ சண்டையை நிப்பாட்டப் போறியள்?"

"அந்தப் பதின்மூண்டு பேருக்குப் பயந்துதானே நீ டெக்ஸாசிலையிருந்து கோல் எடுக்கிறாய்?"

"பகிடியை விடுங்கோ அண்ணை. உங்கடை ஆக்கள் விட்டிட்டு வெளிக்கிட்டால் அவன் தனியத்தானே நிப்பான்."

"எல்லாரும் வெளிக்கிட்டால் அவனும் வீட்டை வருவானடி."

"வரமாட்டான். இவங்கள் விடமாட்டாங்கள். இஞ்சை இருக்கிற எனக்குத் தெரியும்."

"சரி, கூட்டம் முடிய எடுக்கிறன்."

ரவுண்ட் ராக்கில் பிற்பகல் மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடே எடுத்தாள்.

"மழை பெய்ததோ?"

"இல்லை. எல்லாரும் வந்திட்டினம். ஆறுக்கு ஆறு. கடைசியாத் தலைவர் முடிவு சொல்ல வேண்டி வந்திட்டுது."

"தலைவர் நீங்கள்."

"ஓம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"படையளைத் திருப்பிக் கூப்பிட வேணும் எண்டு கை தூக்கினன்."



"அப்ப நான் பிள்ளைக்கு எழுதினது பொய்."

"ஓம், பொய்தான்."

"உந்தக் கையாலை இனி என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடவாது. மேலிடத்துக்கு ஒரு கடிதம் போகும். ஆராவது எடுத்துக் கோப்பிலை வைப்பினம்."

"ஒண்டும் நடவாத விசயத்துக்கு எனக்காகத் தூக்கியிருக்கலாமே!"

"காலமை அவன்ரை கடிதம் வந்தது, தவம்."

"ஆற்றை?"

"சிவகரன்ரை. மூண்டு பக்கம்."

தவமணிதேவி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு நாலு வரி. உங்களுக்கு மூண்டு பக்கமோ? வாசியுங்கோ."

"இங்கிலீசிலை எழுதியிருக்கிறான். தமிழிலை சொல்லட்டோ?"

"வேண்டாம். அவன் எழுதினபடி வாசியுங்கோ."

பஞ்சலிங்கம் மெதுவாக வாசித்தார். பக்கத்துக் கூடாரங்களில் பிரிட்டிஷ் பையன்கள். எந்த நேரமும் தேநீர் போடுகிறார்கள். என் முகத்தைப் பார்த்து, இந்தியர்கள் நிறைந்த லெஸ்டர் ஊரா நீ என்று கேட்டார்கள், டெக்ஸாஸ் என்றால் நம்பவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல்தான் படுக்கிறேன், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். நித்திரை வராவிட்டால் எங்கள் குசினியை நினைப்பேன். கை ஈரமாக இருந்தால் அம்மா கரண்டி வைக்கிற இழுப்பறையை, அந்த லாச்சியை, இடுப்பால் இடித்துத்தான் மூடுவாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று இப்போது மறந்துகொண்டு வருகிறது, மாமா.

"இதைக் கூட்டத்திலை வாசிச்சனீங்களோ?"

"இல்லை. வாசிச்சால் எனக்குப் பாவம் பாத்துக் கை தூக்கியிருப்பினம். ஆனால் அது என்ரை பொக்கற்றுக்குள்ளை கிடந்தது. சப்பாத்தோடை படுக்கிற பெடியனுக்கு, இன்னும் கொஞ்ச நாள் நில்லடா எண்டு நான் எப்பிடிக் கை தூக்கிறது?"

"நீங்கள் செய்தது பிழை."

"இருக்கட்டும்."

"லாச்சி இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். அவள் எழுந்தாள். தொலைபேசி வயர் முழுக்க நீண்டு, அடுப்புப் பக்கம் வரை எட்டியது. லாச்சியை முழுதாக இழுத்துவிட்டு, ரிசீவரைத் தாழ்த்திப் பிடித்து, இடுப்பால் இடித்து மூடினாள்.

"கேட்டுதோ?"

"கேட்டுது."

"எப்பிடிக் கேட்டுது?"

"பொறு, இன்னொருக்கா செய்."

செய்தாள்.

"முதல் மரம் இடிக்குது. பிறகு கரண்டியள் எல்லாம் ஒண்டாய்க் குலுங்குது. ஒண்டு மட்டும் பிந்திக் கிணுங்குது."

"அதுதான் அண்ணை! அதை அப்பிடியே அவனுக்கு எழுதுங்கோ. இண்டைக்கே எழுதுங்கோ."

"நான் கை தூக்கினதை?"

"அதை நான் எழுதுறன். பொய் சொன்னது நான்தானே," என்றாள் தவமணிதேவி. "போனை வைச்சுப் போடாதேங்கோ. அந்தப் பிந்திக் கிணுங்கிறது எந்தக் கரண்டி எண்டு பாப்பம்."