சமையலறையில் பெய்த பனி

அக்காவின் நேர்காணலுக்குச் சற்று முன்னால்தான் கணினியின் ஸ்பீக்கர் ஊமையானது. கட்டட வரைபடம் போடுகிற வேலை. திரையில் வரைந்துகொண்டே அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஃபோனில் நடக்காது. இயர்போனைச் சட்டையோடு சேர்த்து நான் துவைத்துவிட்டிருந்தேன்.

"தடித்தடியா புக்கு படிக்கிறியே, வந்து பாரு" என்றாள்.

வீட்டில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான் என்பதால் பழுதானதெல்லாம் என்னிடம் வரும். திரும்பிப் போகும்போது இன்னும் கொஞ்சம் பழுதாகியிருக்கும்.

ஒயரைப் பிடுங்கிப் பச்சை ஓட்டையில் மறுபடி செருகினேன். குமிழைக் கடைசிவரை திருகினேன். கணினியை அணைத்து எழுப்பினேன். ஸ்பீக்கரில் விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தது.

"ஒருவேளை மௌனமும் ஒரு பதில்தானோ..." என்று ஆரம்பித்தேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் யாராவது ஜன்னலைப் பார்த்து இப்படித்தான் சொல்வார்கள்.

"வாயிலயே போடுவேன். இது போச்சுன்னா நான் மறுபடி ஜெராக்ஸ் கடையில நிக்கணும்டா."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலை விட்டுவிட்டேன்.

சோதித்துப் பார்க்க ஏதாவது ஒலி வேண்டும். கைக்குக் கிடைத்தது நானே எழுதி, நானே உருகி வாசித்து, யாருக்கும் சொல்லாமல் பதிந்து வைத்திருந்த கதை. ஒருவன் முழங்காலளவு பனியில் வீடு திரும்புகிறான். நான் பனியைப் பார்த்தது ஃப்ரீசரில் மட்டும். எப்படியும் கேட்காது என்ற தைரியத்தில் ஒலியை உச்சத்தில் வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

கதவு திறந்தது. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு அம்மா, கையில் கரண்டி.

"அவன் வீட்டுக்குள்ள போனானா இல்லையாடா?"

"யாரும்மா?"

"பனியில போறவன். வாசல் வரைக்கும் வர்றான், திரும்ப மொதல்லேர்ந்து நடக்க விடுற. அவன் காலு என்னத்துக்கு ஆகும்? பக்கத்து வீட்டு டெய்லர்கூட மிஷின நிறுத்திட்டுக் கேக்குறாரு."

கீழே சமையலறை அலமாரியில் புளூடூத் ஸ்பீக்கர். அம்மா பாட்டுக் கேட்க, முந்தின நாள் கணினியோடு அதை இணைத்துக் கொடுத்த மேதை நான்தான்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டு, அந்த இணைப்பைத் துண்டிக்கத் திரையின் மூலையில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

"வாசற்கதவை வெளிப்பக்கமாக இழுத்தான்!" என்று என் குரல் அறை அதிர முழங்கியது. அடுத்த நொடி அதன் கழுத்தை நெரித்தாள்.

அழைப்பு வந்தது. "பேசறது கேக்குதாம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

"தெளிவா கேக்குதுங்க."

நானும் அம்மாவும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். மூடிய கதவுக்குப் பின்னால் அக்கா ஏதோ படிக்கட்டின் அகலத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா. அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். கரண்டியில் இருந்தது அவள் முதுகில் ஒட்டியது.

அம்மாவின் தோளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்த்தாள்.

"டேய் எழுத்தாளரே, முழங்கால் அளவு பனி அடைச்சிருந்தா கதவ எப்பிடிடா வெளிப்பக்கமா இழுப்பான்?"

"அதான் இவ்வளவு நேரமா உள்ள போகல" என்றாள் அம்மா.